லொபனோவ்ஸ்கி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: உக்ரைனின் டைனமோ கீவ் கிளப்புக்கும் சோவியத் அணிக்கும் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்த லொபனோவ்ஸ்கியைத் தெரியும். ஆட்டக்காரராக எப்படி?

பதில்: அருமையான இடது விங்கர், அதாவது மைதானத்தின் இடது ஓரமாக முன்னேறித் தாக்குபவர். 1961-ல் டைனமோ கீவ் சோவியத் லீக்கை வென்றபோது அணியில் இருந்தார். மாஸ்கோவுக்கு வெளியே அந்தப் பட்டம் போனது அதுவே முதல் முறை. மைதானத்தின் மூலையிலிருந்து உதைக்கும் கார்னர் அடிப்பதில்தான் அவருக்குப் பேர். பந்து வளைந்து வந்து கோல் அருகே சட்டென்று இறங்கும். யார் காலும் படாமல் நேராக உள்ளே போனதும் உண்டு.

கேள்வி: அப்புறம் ஏன் 29 வயதிலேயே விளையாட்டை விட்டார்?

பதில்: 1964-ல் டைனமோவுக்கு விக்தர் மாஸ்லவ் பயிற்சியாளராக வந்தார். விங்கர்களைக் குறைத்து, நடுக்களத்தில் ஆள் சேர்த்து, எதிரணியைக் கூட்டமாக நெருக்குவது அவர் வழி. பந்தைக் காலிலேயே வைத்திருக்க விரும்பிய லொபனோவ்ஸ்கிக்கு அதில் இடமில்லை. ஒடெசா, தொனெத்ஸ்க் என்று போய் 1968-ல் முடித்துக்கொண்டார். பயிற்சியாளரானதும் அவர் கையில் எடுத்தது, தன்னை வெளியே தள்ளிய அதே ஆட்ட முறையைத்தான்! அவர் கதையில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். இளம் லொபனோவ்ஸ்கி வந்து கேட்டிருந்தால், மூத்த லொபனோவ்ஸ்கி அணியில் சேர்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: கம்ப்யூட்டர் வைத்துப் பயிற்சி கொடுத்தாராமே?

பதில்: உண்மைதான். அவர் பொறியியல் படித்தவர். அனத்தோலி ஸெலென்த்சவ் என்ற அறிவியலாளரோடு சேர்ந்து, ஆட்டத்தில் யார் என்ன செய்தார் என்பதை எண்ணிப் பதிந்தார். பயிற்சியின் சுமையையும் அளந்தார். இன்று பெரிய கிளப்புகள் எல்லாம் செய்வதை அவர் 1970-களிலேயே செய்துவிட்டார்.

கேள்வி: எல்லாரையும் இயந்திரமாக்கிவிட்டார் என்கிறார்களே?

பதில்: ஏற்க மாட்டேன். 1975-ல் ப்ளோஹினும் 1986-ல் பெலானவும் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கியது இவரிடம் ஆடியபோதுதான். ஐரோப்பிய கிளப்புகளுக்கான 1975 சூப்பர் கப்பில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக விழுந்த மூன்று கோல்களுமே ப்ளோஹின் அடித்தவை. 1997-ல் டைனமோ பார்சிலோனாவை அதன் மைதானத்திலேயே 4-0 என்று வென்றபோது, ஷெவ்சென்கோ முதல் பாதியிலேயே ஹாட்ரிக் போட்டார். இயந்திரத்துக்கு இது வருமா?

கேள்வி: சோவியத் தேசிய அணியோடு கோப்பை வென்றாரா?

பதில்: பெரிய கோப்பை இல்லை. 1976 ஒலிம்பிக்கில் வெண்கலம். ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ போட்டியில், 1988-ல், கோப்பைக்கு மிக அருகில் வந்தார். லீக் சுற்றில் 1-0 என்று வென்ற அதே நெதர்லாந்திடம் இறுதியில் 0-2 தோல்வி. பெலானவின் பெனால்டியும் வீணானது.

கேள்வி: ஒரே ஓர் ஆட்டம் பார்க்கலாம் என்றால் எது?

பதில்: அதே 1988-ல் ஸ்டுட்கார்ட்டில் இத்தாலியை 2-0 என்று வென்ற அரையிறுதி. பந்து இத்தாலியர் காலுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் சோவியத் ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் பாய்ந்து வருகிறார்கள் என்று கவனியுங்கள்.