பேய்க்கு எதுக்குங்க மலை பங்களா?

கடிதம்:

தம்பி, வணக்கம். நான் ஏற்காட்டுல எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல இருக்கேன். ஸ்கூல் படிக்கறப்ப கேசட் போட்டு படம் பாக்கற வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடிய பாத்ததுல ஆரம்பிச்சது, இன்னைக்கு வரைக்கும் பேய்ப்படம்னா விடறதில்ல. பேரன் எடுக்கற வயசுல இது என்னம்மா பழக்கம்னு பையன் கிண்டல் பண்றான். என் பிரச்சனை வேற, இப்பல்லாம் பயமே வரமாட்டேங்குது. அதுலயும் மலை, பனி, பழைய பங்களான்னு காட்டுனா சிரிப்புதான் வருது. அதே பனியில தான் தினமும் பால் வாங்க போறேன், வழியில காட்டெருமை நிக்குதான்னு தான் பாப்பேன். உங்களுக்கு புடிச்ச பேய்ப்படம் எதெதுன்னு எழுதுங்களேன்.
ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அக்கா, வணக்கம்.

பையன் பேச்ச விடுங்க, நானும் எங்க வீட்ல இதே ஏச்சு வாங்கிட்டு தான் இருக்கேன்.

உங்களுக்கு பயம் வராதது உங்க குறை இல்லக்கா. பங்களா கேட்டு கிரீச்னு தொறக்கும்போதே உள்ள ஒன்னு உக்காந்திருக்குன்னு டிக்கெட் வாங்குன எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அப்புறம் எங்க பயப்படறது? அதவிட எனக்கு புரியாத விஷயம், அந்த குடும்பம் ஏன் அங்கயே தங்குது? இருபது கொண்டை ஊசி வளைவு இறங்குனா ஒரு மணி நேரத்துல சேலம் புது பஸ் ஸ்டாண்டு, கெளம்ப வேண்டியது தானே!

என்னைக் கேட்டா பேய் நாம தினமும் பொழங்கற எடத்துக்குள்ள வரணும், விட்டுட்டு ஓட முடியாத எடமா இருக்கணும். அதான் எனக்கு தமிழ்ல மொதல் எடம் 'யாவரும் நலம்' (2009). சொந்தமா ஃப்ளாட் வாங்கி குடிவந்த கூட்டுக் குடும்பம், வாங்குன வீட்ட விட்டுட்டு எங்க போறது? பால் திரிஞ்சு போவுது, மாதவன் தனியா ஏறுனா மட்டும் லிப்ட் வேலை செய்யாது, பொம்பளைங்க பாக்கற டிவி சீரியல்ல இவங்க வீட்ல நடக்கறதே கதையா ஓடுது. நம்ம வீட்ல பால் திரிஞ்சா பாத்திரம் சரியா கழுவலன்னு யாராவது திட்டு வாங்குவாங்க, அவ்ளோதான். அந்தப் படம் பாத்த கொஞ்ச நாளைக்கு எனக்கு அப்படி தோணல. விக்ரம் குமார் பண்ண வேலை அது, ரத்தத்த விட பாலக் காட்டித்தான் பயமுறுத்துனாரு.

அதே வருஷம் தான் அறிவழகனோட 'ஈரம்', அதுவும் அபார்ட்மெண்ட் தான், தண்ணி வழியா வர்ற ஆவி. குழாய்ல சொட்டற தண்ணிய வச்சு பயமுறுத்தறதுக்கு ஒரு தைரியம் வேணும்.

இந்தப் பாதையில போயிருந்தா நம்ம ஆளுங்க எங்கயோ போயிருப்பாங்க. 2011ல 'காஞ்சனா' வந்து அடிச்ச அடியில எல்லா பேயும் காமெடி பண்ண ஆரம்பிச்சிருச்சு. சரத்குமார் அந்த திருநங்கை வேஷத்துல பிரமாதமா பண்ணியிருந்தாரு, அத நான் கொறை சொல்ல மாட்டேன், ஆனா அதப் பாத்து வந்த கும்பல் இருக்கே... சரி விடுங்க.

வெளிநாட்டுப் படம்னா, நீங்க டெக் வாடகைக்கு எடுத்த ஆளுங்கறதால ஜப்பான்காரங்க எடுத்த 'ரிங்' (1998) உங்களுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கும். அதுல பேய் இருக்கறதே ஒரு வீடியோ கேசட்டுக்குள்ள தான், பாத்தவங்க ஏழு நாள்ல காலி. யாரோ குடுத்த பேரில்லாத கேசட்ட நாமளும் போட்டுப் பாத்த தலைமுறை தானே.

அப்புறம் 'எக்ஸார்சிஸ்ட்' (1973). நடிகருங்க மூச்சு புகையா தெரியணும்னு அந்த பெட்ரூம் செட்டையே ஏசி போட்டு உறையற குளிருக்கு கொண்டுபோனாங்களாம், மார்கழியில ஏற்காடு வந்திருந்தா கரண்ட் பில்லு மிச்சம். ஆனா எனக்கு தலை திரும்பற சீன் இல்ல, பேய் புடிச்ச அந்தப் பொண்ண ஆஸ்பத்திரியில படுக்க வச்சு டெஸ்ட் எடுக்கறாங்க பாருங்க, மெஷின் டக்டக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும், அங்கதான் வயித்த பெசையும். அந்தப் படத்துக்கு சவுண்டுக்கு ஆஸ்கர் குடுத்தது சும்மா இல்ல. இப்ப வர்ற படத்துலயும் சவுண்டு இருக்கு, முதுகுக்குப் பின்னாடி வந்து பேன்னு கத்தற சின்னப்பையன் மாதிரி. துள்ளுவோம், உடனே மறந்துருவோம். உங்களுக்கு பழகிப்போனது இந்த துள்ளல் தான், பயம் இல்ல.

நம்ம பக்கம் எதாவது ஆவி இருந்தே ஆகணும்னா ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ்ங்கற பழைய சினிமா ஸ்டூடியோவோட வாசல் வளைவு நிக்குதே, அங்க இருக்கலாம். நூறு படத்துக்கு மேல எடுத்த எடம், இப்ப வளைவு தான் மிச்சம். அதத் தாண்டி தான் எல்லாரும் மேல போறாங்க, பேய்ப்படம் எடுக்கறவங்க உட்பட.

நீங்க அடுத்ததா மலையாளத்துல 'பூதகாலம்' (2022) பாருங்கக்கா. ஒரு சாதாரண வீடு, அம்மாவும் பையனும், அம்மாவா ரேவதி. ரொம்ப நேரத்துக்கு பேய் இருக்கா, இல்ல அந்த ரெண்டு பேருக்கும் மனசுல தான் ஏதோ ஆகிருச்சான்னே தெரியாது. கிண்டல் பண்ற உங்க பையனையும் பக்கத்துல உக்கார வச்சுக்கங்க, செல்போன மட்டும் மொதல்லயே புடுங்கி வச்சிருங்க. பாத்துட்டு அவரு என்ன சொன்னாருன்னு எழுதுங்க.