பின்னேரம் ஆறு மணிக்கு கூட்டுக் கதவு பூட்டியாச்சோ?

வளவும் வீடும்: வாசகர் கேள்வி பதில்

மாரி துவங்கினால் எனக்கு வாற கேள்வியள் பாதி தாராவைப் பற்றித்தான். குளம் நிரம்ப தாராவுக்குக் கொண்டாட்டம், பத்தை வளர நரிக்கும் கொண்டாட்டம். இந்தமுறை வந்ததுகளில அஞ்சை மட்டும் எடுத்திருக்கிறன்.

கேள்வி: என்னட்ட 11 தாரா நிண்டது. ஒரு கிழமைக்குள்ள 5 காணேல்ல. சத்தமும் கேக்கேல்ல, ரத்தமும் இல்லை, வேலிக்கரையில கொஞ்சம் இறகு மட்டும் கிடக்கு. பக்கத்து வீட்டுக்காரர் இது களவு எண்டு சொல்லுறார். உண்மையா இருக்குமோ?
(ஒட்டுசுட்டானிலயிருந்து ஒரு வாசகி)

பதில்: அக்கா, களவெடுக்கிறவன் சாக்கோட வருவான், ஒண்டொண்டா வந்து ஒரு கிழமை மினக்கெடமாட்டான். நீங்கள் சொல்லுறதைப் பாத்தால் நரிதான். நரி ஒரு தாராவைக் கழுத்தில கவ்விச்சுதெண்டால் அப்பிடியே முழுசா தூக்கிக்கொண்டு போயிடும், வளவுக்குள்ள இருந்து தின்னாது, வேலியைத் தாண்டேக்க அல்லது வேலிக்குக் கீழால இழுக்கேக்க உதிர்ற இறகுதான் அங்க கிடக்கிறது. இனி நாளைக்கு வேற தாரா இருக்கு எண்டு அதுக்குத் தெரியும், அதால திரும்பித் திரும்பி வரும். அந்த இறகு கிடக்கிற இடத்தில வேலியின்ர அடியைக் குனிஞ்சு பாருங்கோ, நாய் ஒண்டு பூருற அளவுக்கு மண் தோண்டி இருக்கும். மாரி நேரம் மண் இளகிக் கிடக்கிறதால அதுக்கு அஞ்சு நிமிச வேலை.

மற்ற ஆக்களின்ர கைவரிசை வேற மாதிரி. விடியப் பாக்க நாலஞ்சு தாரா கடிபட்டுச் செத்து அங்கங்க கிடக்குது, ஆனா ஒண்டையும் தின்னேல்ல எண்டால் அது கட்டாக்காலி நாய், பசிக்கில்லை, விளையாட்டுக்குத்தான் அது கொல்லுறது. தலையும் கழுத்தும் தின்னப்பட்டு உடம்பு அப்பிடியே கிடந்தால் பகல் எண்டால் கீரி, இரவெண்டால் அனேகமா மரநாய். கூடு பூட்டினபடி கிடக்க உள்ளுக்கு முட்டையோ குஞ்சோ அடையாளமே இல்லாம மறைஞ்சுதெண்டால் பாம்பு, சாரை இல்லாட்டி வெங்கிணாந்தி எண்ட மலைப்பாம்பு. முட்டைக்கோது நொறுங்கிக் கிடந்து, மண்ணில வால் இழுத்த கோடு ஒண்டும் போச்சுதெண்டால் உடும்பு, குளத்தோரம் எண்டால் கபரகொய்யா எண்ட பெரிய தண்ணி உடும்பு. குளத்துக்கு விட்ட தாரா தண்ணிக்குள்ளயே காணாமப் போச்சுது எண்டு சொல்லுறவைக்கு நான் சொல்லவே தேவையில்லை, எங்கட குளங்களில முதலை இருக்கு. தாரா போனது போகட்டும், நீங்கள் முழங்கால் தண்ணியில இறங்கித் தேடவேண்டாம்.

இன்னொண்டு, தாராவில ஏன் நரிக்கு இவ்வளவு ஆசை எண்டு கேட்டால், கோழி இருட்டினா ஏதாவது கொப்பில ஏறிக் குந்தியிடும், நாங்கள் வளக்கிற சாதாரண தாரா நிலத்திலதான் படுக்கும். கூட்டமாப் படுக்கேக்க ஓரத்தில படுக்கிறதுகள் ஒரு கண்ணைத் திறந்துகொண்டு அரை மூளையோடதான் நித்திரை கொள்ளும், காவலுக்கு. பாவம், கண்டென்ன, பறக்க ஏலாதே.

கேள்வி: மீள்குடியேற்றம் நேரம் தந்த பழைய தகரமும் கொஞ்சம் பனங்கம்பும் கிடக்கு. வேற செலவழிக்க வசதியில்லை. இதை வைச்சு 10 தாராவுக்கு நரி வராத கூடு அடிக்கலாமோ?
(மல்லாவி, இளம் குடும்பஸ்தர்)

பதில்: தாராளமா அடிக்கலாம் தம்பி. அந்தத் தகரம் இல்லாத வளவு வன்னியில எங்க கிடக்கு, என்ர வீட்டில இப்பவும் மாட்டுக்கொட்டிலுக்கு மேல அதுதான். ஒரு தாராவுக்கு 3 தொடக்கம் 4 சதுர அடி எண்டு கணக்குப் பாருங்கோ, 10 தாராவுக்கு 6 அடிக்கு 6 அடி காணும். உயரம் பெரிசா வேண்டாம், ஆனா நீங்கள் குனிஞ்சு உள்ளுக்குப் போய் கூட்டக்கூடிய மாதிரி இருக்கவேணும், இல்லாட்டி ஒரு மாதத்தில கூட்டுறதை விட்டிடுவியள்.

கீழ் 2 அடிக்கு சுத்திவரத் தகரம் அடியுங்கோ. அதுக்கு மேல வலை. இந்த இடத்தில மட்டும் காசு பாக்கவேண்டாம். ஹாட்வெயார்க் கடையில கோழிவலை எண்டு ஆறுமூலைக் கண்ணோட ஒரு மெல்லிய கம்பிவலை தருவினம், அது கோழியை உள்ளுக்கு வைச்சிருக்கத்தான் நல்லம், வெளியில இருக்கிறவரை மறிக்காது, நாய் பல்லாலேயே கிழிச்சுப்போடும், கீரிக்குஞ்சு நடந்தே உள்ளுக்குப் போகும். அரை அங்குலக் கண் உள்ள, ஒட்டுவேலை செய்த தடிச்ச வலையாக் கேட்டு வாங்குங்கோ. முழுக்க வாங்க ஏலாட்டி காத்துப் போறதுக்கு ரண்டு பக்கம் மட்டும் அதை அடிச்சிட்டு மிச்சத்துக்குத் தகரம். காத்து கட்டாயம் வேணும், தாரா கோழியை விட ஈரம் கூட, முழுக்க அடைச்சால் உள்ளுக்குப் புழுங்கி வருத்தம் வந்திடும். உமி இல்லாட்டி வைக்கல் போட்டு நனைய நனைய மாத்துங்கோ.

அடுத்தது அடி. எல்லாரும் மேல பாத்துக்கொண்டு நிப்பினம், நரி கீழால வரும். வலையை ஒரு அடி ஆழத்துக்கு மண்ணுக்குள்ள புதைக்கலாம், ஆனா உங்கட பக்கத்துக் கிறவல் நிலத்தில கோடையில அலவாங்கு போட்டாலும் இறங்காது, அதுக்கு லேசான வழி இருக்கு. 2 அடி அகலமான வலைத்துண்டைக் கூட்டுச் சுவரோட சேத்துக் கட்டி வெளிப்பக்கமா நிலத்தில பாய் மாதிரி விரிச்சு, மேல கல்லோ உடைஞ்ச சீமெந்துக்கல்லோ பரவி விடுங்கோ, புல்லு முளைச்சு மூடியிடும். நரி சுவரோட ஒட்டித்தான் தோண்டத் துவங்கும், கால் கம்பியில முட்ட விட்டிட்டுப் போகும், ரண்டடி பின்னுக்குப் போய்த் தோண்டவேணும் எண்ட புத்தி அதுக்கு வராது. தந்திரத்துக்குப் பேர்போன மிருகம்தான், இந்த விசயத்தில கொஞ்சம் மக்கு.

கூரைக்கும் சுவருக்கும் நடுவில விடுற இடைவெளியை மறந்துபோகாதேங்கோ, மரநாய் அதுக்குள்ளாலதான் இறங்கும். கூட்டுக்கு மேல சாய்ஞ்சு நிக்கிற கொப்பு இருந்தால் வெட்டிவிடுங்கோ.

கதவுக்கு ஒரு கொழுக்கி, அதுக்கு மேல ஒரு கம்பி. கயிறு கட்டவேண்டாம். இதைச் சொல்லேக்க எனக்கு வெக்கமாத்தான் இருக்கு, ஏன் எண்டால் ஒருக்கா வவுனியாவில ஒரு கலியாணவீட்டுக்கு வெளிக்கிடுற அவசரத்தில கதவைச் சாத்திட்டு, கொழுக்கி போடாம ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்திட்டுப் போனன். இரவு பஸ் இல்லாம அங்கயே நிண்டு விடிய வந்து பாத்தால் ஒன்பது தாராவில ரண்டுதான் மிச்சம், அதுகளும் கிணத்துக் கட்டில ஏறி நிண்டு நடுங்குதுகள். வலை, தகரம், கல்லு எல்லாம் அப்பிடியே கிடக்கு.

கேள்வி: கூடு நல்லாத்தான் அடிச்சிருக்கிறம். ஆனா பின்னேரம் தாரா உள்ளுக்கு வராதாம், குளத்துப் பக்கமே நிண்டு அடம்பிடிக்குது. கோழி தன்பாட்டில வருது, இதுகள் ஏன் இப்பிடி?
(அக்கராயன், பாடசாலை மாணவி)

பதில்: பிள்ளை, தாரா கோழி மாதிரி இருட்டைக் கண்டு வீட்டுக்கு வாற சாதியில்லை. அதுக்கு இரவும் ஒண்டுதான் பகலும் ஒண்டுதான், சாப்பாடு இருந்தாச் சரி. அதால சாப்பாட்டைத்தான் பிடிக்கவேணும். காலமை குறைச்சுப் போட்டு, பின்னேரம் 5 மணிக்கு தவிடும் நெல்லும் கலந்து கூட்டுக்குள்ள மட்டும் வையுங்கோ, வைக்கேக்க ஒரே தகரப்பேணியைத் தட்டுங்கோ. முதல் ரண்டு கிழமை ரண்டு பேர் நீளத் தடியோட பின்னால நடந்து மெதுவாச் சாய்க்கவேணும், துரத்தினா சிதறும். தாரா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரிசையாப் போற சாமான், முன்னுக்குப் போறது உள்ளுக்குப் போச்சுதெண்டா மிச்சம் எல்லாம் போகும். ஒரு மாதத்தில பேணிச் சத்தம் கேட்டாலே ஓடி வருங்கள். உள்ளுக்குப் போக மாட்டன் எண்டு வாசலில நிக்கிறதுக்கு இன்னொரு காரணம் இருட்டு, கும்மிருட்டில தாரா பயந்து ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறி மிதிக்கும், சின்ன சோலர் லைட் ஒண்டு உள்ளுக்கு மங்கலா எரியட்டும்.

காலமை கெதியாத் திறந்துவிடாதேங்கோ, இது முக்கியம். பள்ளிக்கூடம் போற அவசரத்தில ஆறு மணிக்கே திறந்துவிடுறவை கனபேர். தாரா பெரும்பாலும் விடியப்புறத்திலதான் முட்டை இடும், 8 மணி மட்டும் உள்ளுக்கு வைச்சிருந்தால் முட்டை எல்லாம் கூட்டுக்குள்ளயே கிடைக்கும், பத்தைக்குள்ள தேடித்திரியத் தேவையில்லை. விடியக்காலமை வீட்டுக்குப் போகாம சுத்துற நரியும் அதுக்கிடையில போயிடும். அம்மாட்டச் சொல்லுங்கோ, திறக்கிற வேலை அவவுக்கு, பூட்டுற வேலை உங்களுக்கு.

கேள்வி: குஞ்சுகளைக் காகமும் பருந்தும் விடுகுதில்லை. 14 குஞ்சில 6 தான் மிச்சம்.
(முல்லைத்தீவு, கடற்கரைப் பக்கம்)

பதில்: உங்களுக்கு மருந்து உங்கட வீட்டு மூலையிலயே கிடக்கு, பழைய மீன்பிடி வலை. குஞ்சு திரியிற இடத்துக்கு மேல ஆளுயரத்தில இழுத்துக் கட்டுங்கோ. தொங்கவிடாம இறுக்கிக் கட்டவேணும், நிலம் மட்டும் தொங்கினால் பாம்பு சிக்கும், பிறகு அதை எடுக்கிறது ஆர்? செட்டை முளைச்சு முத்துற மட்டும், எப்பிடியும் ஆறேழு கிழமை, வலைக்கு வெளியில விடவேண்டாம். கோழியை அடைக்கு வைச்சுப் பொரிச்ச குஞ்செண்டால் இன்னும் கவனம், தாய்க்கோழி காகத்தோட சண்டை பிடிக்கும், ஆனா குஞ்சு தண்ணிக்குள்ள இறங்கினவுடன அவ கரையில நிண்டு கத்துறதைத் தவிர வேற ஒண்டும் செய்ய ஏலாது.

கேள்வி: அண்ணை, கூடு கீடு எல்லாம் வேண்டாம், சுருக்கு வைச்சால் முடிஞ்சுது எண்டு ஊரில சொல்லுகினம். ஒராள் வீட்டு லைனில இருந்து கரண்ட் இழுத்து வேலிக்கு விடலாம் எண்டும் சொல்லுறார். உங்கட யோசனை?
(நெடுங்கேணி வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. சுருக்குக்கு நரி எது, சிறுத்தை எது எண்டு தெரியாது. எங்கட காடுகளில சிறுத்தை சாகிறதுக்குப் பெரிய காரணமே இந்தக் கம்பிச் சுருக்குத்தான், பண்டிக்கு வைச்சதில அது இடுப்போட மாட்டிக் கிடக்கும். உங்கட நாயோ பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோ மாட்டினால் ஊரோடயும் கோவம். கம்பி தட்டுப்பட்டாத் தானா வெடிக்கிற கட்டுத்துவக்கும், இரைக்குள்ள ஒளிச்சு வைக்கிற பண்டிவெடியும் அதே கதை, அதில கால் போன மனிசரை நாங்கள் கண்டிருக்கிறம், போரில தப்பினவன் தாராவுக்காகக் காலைக் குடுக்கிறதோ. கரண்டைப் பற்றி ஒரு வரியில சொல்லுறன்: யானைவேலிக்குப் பூட்டுற கருவி விட்டு விட்டுத் துடிப்பா அடிச்சுப் பயப்பிடுத்துறது, வீட்டு லைன் 230 வோல்ட் பிடிச்ச கையை விடாது, மழையில நனைஞ்ச வேலிக்கு வெறுங்காலோட வாற பிள்ளையை அது கொல்லும், சட்டப்படியும் குற்றம்.

நரி எலியும் தின்னுது, வயலில அதின்ர வேலையும் இருக்கு. எங்கட அப்பு சொல்லுவார், நரி இடம் போனால் என்ன வலம் போனால் என்ன, மேல விழுந்து பிடுங்காம விட்டாச் சரி எண்டு. ஆனா பட்டப்பகலில மனிசருக்குப் பயப்பிடாம வளவுக்குள்ள வந்து தள்ளாடிக்கொண்டு நிக்கிற நரியைக் கண்டால் கிட்டப் போகவேண்டாம், விசராயிருக்கலாம். கடிச்சாலோ பிறாண்டினாலோ சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு அப்பிடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, மஞ்சள் பூசிட்டு நாளைக்குப் பாப்பம் எண்டு இருக்கக்கூடாது. உங்கட நாய்க்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டு எவ்வளவு காலம் எண்டும் ஒருக்காத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கோ.

நாய் வளத்தால் காணாதோ எண்டு கடைசியாக் கேட்டிருக்கிறியள். குலைக்கிற நாய் நல்லம், நரி யோசிக்கும். ஆனா தாராவோட குட்டியில இருந்து வளராத நாயைக் காவலுக்கு விட்டால் பிறகு நாயிட்ட இருந்து காப்பாத்திறது எப்பிடி எண்டு அடுத்த மாதம் எழுதுவியள்.