ஸ்லீவ் ஆபரேஷனுக்கு முன்னால் வீட்டில் சமைப்பவரும் கவுன்சிலிங்குக்கு ஏன் போகணும்? மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்கறியும் இனி சாப்பிடலாமா?

மார்த்தாண்டம் பக்கம் வீடு, அக்காவுக்கு அடுத்த மாதம் எடை குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன், வீட்டில் சமைப்பது அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தபின் மிஞ்சுவது ஒடுங்கிய குழாய். 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். "இன்னும் ஒரு பிடி தின்னு மக்களே" என்ற பாசத்துக்கு அதில் இடமில்லை. அந்த ஒரு பிடி வாந்தியாக வெளியே வரும்.

ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் சோறும் கிழங்கும் குறைத்த டயட் கொடுப்பார்கள். கொழுப்பேறி வீங்கிய ஈரலைச் சுருக்கத்தான் அது. ஈரல் பெரிதாக இருந்தால் அதற்கு அடியிலுள்ள இரைப்பையை எட்டுவது கஷ்டம். அக்காவுக்கு சுகர் இருந்தால் அந்த டயட்டின்போதே மாத்திரை, இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். டாக்டரிடம் கேட்டுத்தான் செய்யணும்.

ஆபரேஷன் முடிந்ததும் சுமார் இரண்டு வாரம் நீராகாரம், அடுத்த இரண்டு வாரம் மசித்தது, பிறகு மென்மையானது, 6 முதல் 8 வாரத்தில் கெட்டி உணவு. உங்கள் ஆஸ்பத்திரி தரும் அட்டவணை சற்று மாறினால் அதன்படியே போங்கள். முதல் வாரங்களில் பலர் தவறுவது தண்ணீரில்தான். இருமல் மருந்தோடு வரும் 30 மில்லி மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு மூடி, அதையும் சிறுகச் சிறுக. 12 மணி நேரத்தில் 1,440 மில்லி உள்ளே போய்விடும். மடமடவென்று குடித்தால் நெஞ்சு அடைக்கும்.

இனி மரச்சீனி. சாப்பிடலாம், ஆனால் மாதங்கள் கழித்து, கடைசியாக. நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேண்டும். மரச்சீனியில் 100 கிராமுக்கு ஒரு கிராம்தான் இருக்கும். சாளை மீனில் ஏறக்குறைய 20. தட்டில் மீனை முதலில் முடிக்கணும். முள்ளெடுத்து, நன்றாக மென்று, 20 நிமிடமாவது எடுத்துச் சாப்பிடணும். மசித்த கிழங்கு மீன்குழம்போடு வழுக்கிக்கொண்டு இறங்கும், வயிறு நிறைந்ததே தெரியாது. பாயாசமும் ஏத்தங்காய் சிப்ஸும் அப்படித்தான். எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இந்த வழியில். புட்டுக்கு நேர்மாறான சிக்கல்: உலர்ந்து கட்டியாகித் தொண்டைக்குக் கீழே நிற்கும். சாப்பாட்டோடு தண்ணீரோ சாயாவோ கூடாது, அரைமணி கழித்துத்தான்.

வைட்டமின் மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள்; சேர்த்துப் போட்டால் இரும்பு சரியாக உடலில் சேராது. மூன்றாவது மாதம் வாக்கில் முடி கொட்டும், எண்ணெயை மாற்றிப் பிரயோஜனமில்லை. புரதம், இரும்பு கணக்கைப் பாருங்கள். 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பம் வேண்டாம்.

முதல் நாட்களில் நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டி அடித்தாலோ, காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தாலோ இரைப்பையை வெட்டித் தைத்த இடத்தில் கசிவாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நிற்கவில்லையென்றால் பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் மட்டும் ஏற்றிக்கொண்டு திரும்பாதீர்கள். "ஸ்லீவ் செய்தவர், முதலில் தயமின் (வைட்டமின் பி1) போடுங்கள்" என்று சொல்லுங்கள். தயமின் குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம்.