கிளான்சாவுக்கு பலேனோ பிரேக் பேட் போடலாமா?

டொயோட்டா கிளான்சா வைத்திருக்கும் ஒருவர், மாருதி பலேனோ வைத்திருக்கும் நண்பருக்குச் சொன்னதைவிடத் தன் பிரேக் பேட்டுக்கு விலை அதிகம் சொல்கிறார்கள், பலேனோ பேட்டையே போடலாமா என்று கேட்டிருந்தார். போடலாம். உங்கள் 2021 கிளான்சாவில் அதே வருட பலேனோவின் முன் பேட் அப்படியே உட்காரும். இரண்டுமே குஜராத்தில் சுசுகி தயாரித்த வண்டிகள்தான். லோகோவும் கிரில்லும்தான் வேறு.

நண்பரின் பலேனோவுக்குச் சொன்ன விலையைவிட உங்களுக்கு ஏன் அதிகம் என்றால், டொயோட்டா தன் பார்ட் நம்பர், தன் பெட்டி, தன் டீலர் வழி என்று தனியாகப் போகிறது. மாருதி பாகமோ சென்னையின் வண்டி உதிரிபாகக் கடைத்தெருவான ஜிபி ரோட்டில் கடைக்குக் கடை இருக்கும். ஓடுகிற பலேனோவும் அதிகம், போட்டியும் அதிகம்.

ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள். டொயோட்டாவில் சொன்ன தொகையில் லேபரும் டிஸ்க் ஸ்கிம்மிங்கும் (பிரேக் தட்டைச் சீவிச் சமமாக்கும் வேலை) சேர்ந்திருக்கிறதா? எஸ்டிமேட்டை வரிவரியாகக் கேட்டு வாங்கி, பேட்டுக்கு மட்டும் பெட்டியில் அச்சான எம்ஆர்பியை ஒப்பிடுங்கள். பாதி வித்தியாசம் அங்கேயே கரைந்துவிடலாம்.

கடையில் வெறுமனே "பலேனோ பேட்" என்று கேட்காதீர்கள். 2022-ல் இரண்டு வண்டியும் மாறின. வருடம், வேரியன்ட், சேசிஸ் நம்பர் மூன்றையும் கொடுங்கள். கழற்றிய பழைய பேட்டைக் கையோடு கொண்டுபோய் பின்தகடு, கிளிப் இருக்கும் இடம் இரண்டையும் புதியதன்மேல் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. நான் ஒருமுறை சோம்பல்பட்டு இதைச் செய்யாமல், மெக்கானிக் வண்டியை ஜாக்கியில் நிறுத்தியபிறகு மறுபடி கடைக்கு ஓடினேன்.

வாரன்டி இன்னும் ஓடுகிறதென்றால் பேட், ஃபில்டர் மாதிரி தேய்கிற சாமான்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரில்லுக்கு இந்தக் கணக்கு செல்லாது, வடிவமே வேறு.