அறவியல் ஆராய்ச்சி: வேலை எங்கே இருக்கிறது?

உங்கள் மகள் மைக்ரோபயாலஜி இறுதியாண்டு. அடுத்து அறவியல் ஆராய்ச்சி என்கிறார். எது சரி, எது தவறு என்று ஆராயும் தத்துவப் பிரிவு அது. “அதில் வேலை எங்கே?” என்ற உங்கள் கேள்வி நியாயமானது. ‘அறவியல் ஆய்வாளர் தேவை’ என்று விளம்பரம் அபூர்வமாகவே வரும். ஆனால் மருத்துவ ஆய்வு நெறிமுறை என்ற பக்கத்தில் வழி இருக்கிறது. உயிரியல் படித்தவருக்கு அது இயல்பாகவும் பொருந்தும்.

மனிதர்களிடம் புதிய மருந்தைச் சோதிக்க எத்திக்ஸ் கமிட்டி என்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். 2019 மருந்துச் சோதனை விதிகளின்படி அதில் குறைந்தது 7 பேர், பாதிப்பேராவது வெளியாட்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உறுப்பினர் பதவி மாதச் சம்பள வேலை இல்லை, கூட்டத்துக்கு ஏதோ ஒரு தொகை கிடைக்கும். சம்பளம் கமிட்டியின் அலுவலகத்தில்: விண்ணப்பம் சரிபார்ப்பது, கூட்டக் குறிப்பு எழுதுவது, சோதனையில் ஒருவருக்குக் கடும் பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை வந்ததா என்று பார்ப்பது. ஆராய்ச்சியாகத் தோன்றாது. ஆனால் ஆராய்ச்சிக் கேள்விகள் முளைப்பது அங்கேதான்.

பேராசிரியர் ஆவதுதான் குறி என்றால், எம்.ஏ. தத்துவத்தில் 55 சதவீதம் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50), பிறகு நெட் என்ற தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அறிவியலிலிருந்து வருபவர்கள் சறுக்குவது நியாயம், வேதாந்தம் போன்ற இந்தியத் தத்துவப் பகுதிகளில். நெட் பாடத்திட்டத்தின் பத்து அலகில் அறவியலுக்கென்றே இருப்பவை இரண்டுதான். மருத்துவம், உயிரியல் சார்ந்த உயிரி அறவியலை மட்டும் நம்பிப் போனால் தேற முடியாது. தத்துவம் ஒத்துவராது என்றால் பொதுச் சுகாதாரத்தில் எம்.பி.எச். என்ற முதுநிலைப் பட்டம் முடித்துவிட்டு, மங்களூரு யெனப்போயா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் உயிரி அறவியல் டிப்ளமோ சேர்த்துக்கொள்ளலாம். வேலையும் வேண்டும் என்பவருக்கு இதுவே பாதுகாப்பானது.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களை இலவசமாக இறக்கி, சோதனையில் பங்கேற்பவரின் சம்மதம் பற்றிய பகுதியை மகள் படிக்கட்டும். பிறகு ஏதாவது ஓர் ஆங்கிலச் சம்மதப் படிவத்தை, எட்டாம் வகுப்போடு நின்றவருக்கும் புரிகிற தமிழில் எழுதிப் பார்க்கட்டும். ‘சீரற்ற முறையில் சிகிச்சை’ என்று எழுதினால், ஒழுங்கில்லாத சிகிச்சை என்று நோயாளி பயந்துவிடுவார். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பது ‘குலுக்கல் போல’ முடிவாகும் என்றால் விளங்கும். எழுதியதை அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு, மூன்று முறை திருத்தியும் மகள் அலுக்காமல் உட்கார்ந்திருந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.