மினிவேனின் பக்கக் கதவு தானாக நகர்ந்து திறப்பது எப்படி?

பொத்தானை அழுத்தியதும் மோட்டாரின் உதவியால் வண்டியின் பக்கவாட்டில் நகர்ந்து திறந்து மூடும் கதவையே மின் நகர்வுக் கதவு என்கிறோம். கியா கார்னிவல், டொயோட்டா வெல்ஃபயர் போன்ற வண்டிகளில் இதைக் காணலாம்.

கதவில் பொருத்தப்பட்ட சிறு உருளைகள், மேலும் கீழும் நடுவிலுமாக உள்ள மூன்று தடங்களில் ஓடுகின்றன. பின் கண்ணாடிக்குக் கீழே வெளியில் தெரியும் நீண்ட பள்ளம்தான் நடுத்தடம். அதன் முன்முனை உள்நோக்கி வளைந்திருப்பதால்தான், கதவு முதலில் சற்று வெளியே வந்து, பிறகு பின்னோக்கிச் செல்கிறது.

பல வண்டிகளில் கதவை இழுப்பது ஓர் எஃகு வடம். மோட்டார் சுழற்றும் உருளையில் வடத்தின் ஒரு பக்கம் சுற்றிக்கொள்ள, மறுபக்கம் அவிழ்கிறது. இரண்டு வாளிகள் கட்டிய கிணற்று ராட்டினத்தில் ஒன்று ஏற, மற்றொன்று இறங்குவதைப் போன்றது இது. மூடும்போது கதவைச் சுற்றியுள்ள ரப்பரை அழுத்திப் பூட்டுவதற்குக் கூடுதல் விசை வேண்டும். சாதாரணக் கதவை நாம் ஓங்கித் தள்ளுவது அதற்காகவே. இங்கே அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டர்களைப் பூட்டோடு இணைந்த மோட்டார் நிதானமாக இழுத்து முடிக்கிறது. இந்த அமைப்பில் மிக நேர்த்தியான பகுதி இதுவே என்பேன்.

வழியில் தடை ஏற்பட்டால், மோட்டாரின் வேகம் குறைவதையோ, கதவின் முன்விளிம்பிலுள்ள உணர்பட்டை அழுந்துவதையோ அறிந்து கதவு திரும்பத் திறக்கும். ஆனால் இதனால் விரல் நசுங்கவே நசுங்காது என்று பலர் நம்புவது தவறு. முழுவதும் மூடுவதற்குச் சற்று முன் இந்தப் பாதுகாப்பு வேலை செய்யாமல் போகலாம் என்பதால், கதவு நகரும்போது குழந்தைகளின் கைகளை விலக்கியே வைக்க வேண்டும்.