பெரியம்மா வீட்டில் வளரும் பிள்ளை

கேள்வி: என் தங்கை இறந்ததிலிருந்து நான்கு ஆண்டுகளாக அவளுடைய மகளை நானே வளர்த்து வருகிறேன். பிள்ளைக்கு இப்போது 11 வயது. மறுமணம் செய்துகொண்டு போன தகப்பன் இதுவரை ஒரு கொப்பிகூட வாங்கிக் கொடுத்ததில்லை. இப்போது பிள்ளையைத் தா என்று வந்து நிற்கிறார். எனக்கு ஏதும் உரிமை உண்டா?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: தாய்வழிக் குடி பார்க்கும் எங்கள் மட்டக்களப்புப் பகுதியில், தாயின் தமக்கை வீட்டில் வளரும் பிள்ளையை எவரும் வளர்ப்புப் பிள்ளை என்று சொல்வதில்லை; பெரியம்மாவும் அம்மாதானே என்று ஊர் ஏற்றுக்கொண்டுவிடும். ஆனால் அந்த ஏற்பு நீதிமன்றத்தில் தனியே நிற்காது. தாய் இல்லாதவிடத்துத் தந்தையையே சட்டம் இயற்கைப் பாதுகாவலராகக் கொள்ளும். எனினும், பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற வழக்கில் முதலில் பார்க்கப்படுவது பிள்ளையின் நலன் என்பதால், உங்கள் நான்கு ஆண்டுகள் வீண்போகாது.

உங்கள் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும், சிறுவர் பராமரிப்பைக் கவனிக்கும் அரச அலுவலரான உங்கள் பகுதி நன்னடத்தை உத்தியோகத்தரையும் உடனே சந்தியுங்கள். தந்தையால் கைவிடப்பட்ட பிள்ளை, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளை என்று கண்டால், 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் அவளைத் ‘தகுந்த ஆள்’ ஒருவரிடம் ஒப்படைக்கலாம். அந்த ஆள் உறவினராகவும் இருக்கலாம். இது மகவேற்பு (தத்தெடுப்பு) அன்று. மகவேற்பில் பெற்றவரின் உரிமை நீங்கிவிடும். 10 வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் அதற்கு வேண்டும். ஒப்படைப்பிலோ பிள்ளை உங்களுக்குச் சொந்தமாகி விடுவதில்லை, தந்தைக்கு இல்லாமலும் போவதில்லை. அவர் முறையாக வந்து பார்க்க விரும்பினால் மறிக்காதீர்கள்; அவரைப் பார்ப்பது பிள்ளையின் உரிமையும்கூட. செலவுக்கு, 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, பிள்ளையைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரே நீதவான் நீதிமன்றத்தில் தந்தைக்கு எதிராக விண்ணப்பிக்கலாம். இதை அறியாமல் கடன்பட்டு வளர்க்கும் பெரியம்மாமாரும் அம்மம்மாமாரும் எத்தனையோ பேர்!

சென்ற மாதம் ஓர் அம்மம்மா சொப்பின் பை ஒன்றை என் மேசையில் கவிழ்த்தார். பேத்தியின் இளஞ்சிவப்பு நிறக் கிளினிக் புத்தகம், ஏழு தவணைகளின் தேர்ச்சி அறிக்கை, மருந்துக்கடைத் துண்டுகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், எல்லாம் அதில் இருந்தன. எந்தப் பேச்சையும்விட அந்தப் பை நன்றாகப் பேசியது. நீங்களும் அப்படி ஒன்றைச் சேர்த்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழையும் தங்கையின் இறப்புச் சான்றிதழையும் மறவாதீர்கள்.

கேள்வி: நான் நோயுற்று வைத்தியசாலையில் கிடந்தபோது, நீதிமன்றம் என் மகனைச் சிறுவர் இல்லம் ஒன்றில் விட்டது. இப்போது சுகமாகிவிட்டேன். ‘உன் வீட்டில் வசதியில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.
– ஒரு தாய், திருக்கோவில்

பதில்: அப்படிச் சொன்னவர் யாராயினும் அது போதுமான காரணம் அன்று. வறுமை ஒன்றை மட்டும் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்பதை ஐக்கிய நாடுகளின் 2009ஆம் ஆண்டு மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டல்கள் தெளிவாகச் சொல்கின்றன. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 9ஆம் உறுப்புரை பெற்றோருடன் தொடர்பு வைத்திருக்கும் உரிமையையும், 25ஆம் உறுப்புரை இப்படி ஒப்படைக்கப்பட்ட பிள்ளையின் நிலையைக் காலத்துக்குக் காலம் மீளாய்வு செய்யும் கடமையையும் கூறுகின்றன. ஆகவே இல்லத்தாருடன் வாதாடுவதை விட்டு, நன்னடத்தை உத்தியோகத்தரிடம் மீளாய்வைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். உத்தரவிட்ட அதே நீதிமன்றத்தில் அதை மாற்றும்படி கோரலாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். வைத்தியரின் கடிதமும், மகன் சேரவிருக்கும் பாடசாலை பற்றிய விபரமும், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில் அவனைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதும் கையில் இருக்கட்டும். அதுவரை அவனைப் பார்க்கப் போகும் ஒரு நாளையும் தவற விடாதீர்கள். போன திகதிகளைக் குறித்து வையுங்கள்.

கேள்வி: ‘செவன சரண’ வளர்ப்புப் பெற்றோர் திட்டத்தில் சேர்ந்தால் ஒரு பிள்ளையை எங்கள் வீட்டில் வைத்திருக்கலாமா?
– ஒரு தம்பதி, அக்கரைப்பற்று

பதில்: இல்லை. பெயர்தான் மயக்குகிறது. அது வசதி குறைந்த பிள்ளை தன் சொந்த வீட்டிலேயே இருந்து படிக்க மாதந்தோறும் பணம் கொடுக்கும் திட்டம்; பிள்ளை இடம் மாறுவதில்லை. வீட்டில் வைத்து வளர்க்க விரும்பினால், நன்னடத்தைத் திணைக்களத்தின் வழியாகவே செல்லுங்கள். வைத்தியசாலையிலோ தெரிந்தவர் மூலமோ நேரடியாகக் குழந்தை வாங்காதீர்கள். அப்படி எவரும் உங்களிடம் பேரம் பேசினால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்.